நாற்காலியைப் பற்றிப் பதினோரு பக்கம்

நான் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு முறை சென்னைக்குப் புறப்படும்போதும் அக்கா என் கையில் ஒரு டிபன் டப்பாவைக் கொடுப்பாள். எவர்சில்வர் டப்பா. மூடியில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாகப் பொறித்திருக்கும். உள்ளே சாப்பாடு இருக்காது. பழைய வாயில் புடவைத் துண்டில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும்; அதற்கடியில் சின்ன முடிச்சாகக் கட்டிய ஒரு கைப்பிடி பச்சரிசி. எங்கள் தீவின் ஈரக்காற்றில் ரேடியோ, டார்ச், கடிகாரம் எதுவும் இரண்டு மழைக்காலம் தாண்டாது. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை கப்பல் சமையல்காரர் வாசனை பிடிக்க ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க வீட்ல இதைத்தான் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். அக்காவிடம் வந்து சொன்னபோது கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

இன்றைக்குப் போர்ட் பிளேரில் வளரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்போது எங்களுக்கு இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் அக்கா அரைக்கிலோ வெங்காயம் உரித்து முடித்துவிடுவாள். மழை பெய்தால் அதுவும் கிடையாது. வருடத்தில் பாதி நாள் மழை. அதனால் மெயின்லேண்டுக்குப் போகிற யாராக இருந்தாலும் பையில் நாலு வீட்டுப் பென் டிரைவ் இருக்கும். ஒரு வீட்டுக்குச் சினிமாப் பாட்டு, ஒரு வீட்டுப் பெண்ணுக்கு நர்சிங் விண்ணப்பம், இன்னொரு வீட்டுப் பெரியவருக்குப் பட்டிமன்றம். சென்னையில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுப்பது கப்பலில் வேலை செய்கிறவனின் எழுதப்படாத கடமை. பயணிகள் கப்பலில் பர்சர் ஆபிஸ் உதவியாளன் நான். படுக்கை விரிப்பு கொடுப்பது, சாப்பாட்டுக் கூப்பன் கிழிப்பது, மைக்கில் அறிவிப்பது என் வேலை. மாதத்தில் இரண்டு முறை போய் வருவேன். ஆகவே ஷாதிபூரில் எங்கள் தெருவுக்கே நான்தான் இன்டர்நெட்.

எல்லோர் பட்டியலும் ஒரு மாதிரி என்றால் அக்காவின் பட்டியல் வேறு மாதிரி. பாசிகளின் வாழ்க்கை, முதல் வாரம். பழைய வரைபடங்களைப் படிப்பது எப்படி. கடிகாரங்களின் கதை. ஏதேதோ நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் போட்டிருக்கும் பாடங்கள். விடிகாலையில் நெட் கொஞ்சம் நடமாடும் நேரத்தில் எழுந்து, அந்தத் தளங்களின் பட்டியலை வரி வரியாகத் திறக்க வைத்து, தனக்கு வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைப்பாள். எங்கள் ஊரில் சூரியன் நாலரைக்கெல்லாம் எட்டிப் பார்த்துவிடும் என்பதால் அவளுக்கு ஆபிஸ் கிளம்பும் முன் நாலு மணி நேரம் சொந்தமாகக் கிடைத்தது. கணக்கு, கம்ப்யூட்டர், நிர்வாகம் என்று பதவி உயர்வுக்கு உதவும் பாடங்கள் எத்தனையோ அதே பட்டியலில் இருந்தன. அவற்றின் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதைப் படிச்சு என்னக்கா செய்யப் போற?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "ஒண்ணும் செய்யப் போறதில்லல. அதுக்குத்தான் படிக்குதேன்" என்றாள்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பா துறைமுகத்தில் கலாசியாக இருந்தவர். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து இங்கேயே நிலைத்தவர். அவர் திடீரென்று போனபோது அந்த வேலைக்குப் பதிலாக ஒரு அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள். பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் சம்பளத்தில் நான் படித்தேன், அம்மா ஆறு வருடம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தாள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் சொல்லி யாராவது அவளைத் தியாகி என்று புகழ ஆரம்பித்தால், "பஸ் கரோ, போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அவளுக்குப் பரிதாபம் பிடிக்காது. பிடித்ததெல்லாம் தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதை மறுநாள் குழம்பு ஊற்றும்போது போகிறபோக்கில் சொல்வது. "பாசிக்கு வேர் கிடையாது, தெரியுமால?" என்பாள். நான் "ம்" என்பேன்.

படிக்கிற முறையும் வேடிக்கையானதுதான். ஒரு பயணத்துக்கு ஒரு வாரப் பாடத்தை நான் இறக்கிக்கொண்டு வருவேன். அவள் பார்த்து முடித்து, ஒவ்வொரு வாரக் கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் வரிசையாக எழுதித் தருவாள். நான் அடுத்த பயணத்தில் சென்னை மண்ணடியில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அவள் பெயரில் உள்ளே போய், பதில்களைத் தட்டிவிட்டு, மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த பாடங்களை இறக்குவேன். உலகம் ஆறு வாரத்தில் முடிக்கும் பாடம் எங்கள் அக்காவுக்கு மூன்று மாதம் ஆகும். கப்பல் வேகத்தில் படித்த ஒரே மாணவி அவளாகத்தான் இருக்கும். மதிப்பெண் நூற்றுக்கு நூறு வந்தால் எனக்கு நெய் ஊற்றித் தோசை கிடைக்கும். இந்த வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். பின்னால் சொல்லப்போகிறதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு வருடம் அவள் பட்டியலில் நாற்காலிகளின் வரலாறு என்று ஒரு பாடம் வந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாற்காலிக்கு என்ன வரலாறு வேண்டிக் கிடக்கிறது? ஆனால் அக்கா அதுவரை எந்தப் பாடத்தையும் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. யார் நாற்காலியில் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் தரையில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு ஊரிலும் எப்படி வகுத்து வைத்தார்கள் என்பதைச் சொல்லும் பாடமாம். சாப்பிடும்போது அதே பேச்சு. எங்கே போனாலும் நாற்காலியின் காலையும் முதுகையும் குனிந்து பார்த்தாள். மாதா கோவில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகு, பங்குச் சாமியாரின் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தவளை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அந்தப் பாடத்தின் கடைசி வாரத்தில் கேள்வித்தாள் இல்லை. நீங்கள் அறிந்த ஒரு நாற்காலியைப் பற்றி எழுதுங்கள் என்று இருந்தது. எழுதி அனுப்பினால் அதே பாடத்தைப் படிக்கும் வேறு மூன்று பேர், எந்த நாட்டுக்காரர்களாகவும் இருக்கலாம், அதைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். இதைக் கேட்டதும் அக்காவின் முகத்தில் வந்த மாற்றத்தை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. "முழுசாப் படிப்பாங்களால?" என்று கேட்டாள். "படிச்சாத்தானே கருத்துச் சொல்ல முடியும்" என்றேன். பிறகு சொன்னாள்: "இருவது வருசமா நான் எழுதுத ஃபைல் நோட்டு எல்லா ஆபிசர் மேசைக்கும் போவுது. கையெழுத்துப் போடுதாங்க. ஒருத்தரும் படிச்சது கிடையாது." சான்றிதழ் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. தான் எழுதியதை யாரோ ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

மூன்று வாரம் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஃபைலில் எழுதுகிற ஆங்கிலம். அது போதாது என்று பழைய அகராதி ஒன்றை யாரிடமோ வாங்கி வைத்துக்கொண்டாள். ரெக்கார்டு ரூம் பழக்கம், தாளை வீணாக்க மாட்டாள். பென்சிலில் எழுதுவாள், அழிப்பாள், திரும்ப எழுதுவாள், சரியென்று பட்டதும் அதே வரியின்மேல் பேனாவால் எழுதுவாள். அப்படி ஒரே பிரதி. பதினோரு பக்கம். பக்க எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, புறப்படும் அன்று என்னிடம் கொடுத்தாள். "டைப் அடிக்கும்போது நிறுத்தக் குறியெல்லாம் பாத்துப் போடுல" என்று இரண்டு முறை சொன்னாள். "பதினோரு பக்கமா? நாற்காலியைப் பத்தியா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். ஹட்டோ துறைக்கு வந்து, கப்பல் நகரும் வரை கேட்டுக்கு வெளியே நின்றாள். அதற்குமுன் அவள் வழியனுப்ப வந்ததே இல்லை.

சென்னையில் கப்பல் நாலு நாள் நின்றது. முதல் நாள் களைப்பு. இரண்டாம் நாள் கூட்டாளிகளோடு சினிமா. மூன்றாம் நாள் ஒருவன் புது பைக் வாங்கியிருந்தான், மகாபலிபுரம் வரை போய் வந்தோம். நாலாம் நாள் காலையில் செய்துவிடலாம் என்றிருந்தேன். காலையிலேயே டூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பதினோரு பக்கத்தைத் தட்ட எனக்கு நாலு மணி நேரம் ஆகியிருக்கும். நாலு நாளில் நாலு மணி நேரம். இதற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். வைக்க முடியவில்லை.

கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி நாங்கள் நடுக்கடலில் இருக்கும்போதே தாண்டிவிடும் என்பது கப்பல் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. கடலில் சிக்னல் கிடையாது. மூன்று நாள் உலகத்துக்கும் நமக்கும் தொடர்பே இருக்காது. இரண்டாம் நாள் மத்தியானம் பயணிகள் சாப்பிட்டு முடித்த பிறகு, அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தளத்துக்குப் போனேன். எழுதியதை அனுப்பியாயிற்று என்று சொல்லப் போகிறேன்; அப்படியென்றால் இந்தத் தாள்கள் என் பையில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் புத்தி போன தூரம். நாலு நாலாகக் கிழித்து நீரில் விட்டேன். சிவப்பு வட்டங்கள் கொஞ்ச நேரம் நுரையோடு தெரிந்தன. கிழிக்கும்போதுகூட ஒரு வரி படிக்கவில்லை. படித்திருந்தால் கிழித்திருக்க முடியாது என்று எனக்கே உள்ளூரத் தெரிந்திருக்கலாம். போகும்போது அறுபது மணி நேரம், வரும்போது அதுவரை ஒன்றரை நாள் அந்தப் பக்கங்கள் என் தலைமாட்டில் இருந்தன. வேலை போக மிச்ச நேரமெல்லாம் பங்க் கட்டிலில் படுத்து மேல்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் "போட்டாச்சா?" என்றாள் அக்கா. "போட்டாச்சு." "பேப்பர்?" "பிரௌசிங் சென்டர்லயே விட்டுட்டேன்க்கா, அடுத்த தடவை கேக்குறேன்." "பரவால்ல, அதுதான் ஏத்தியாச்சே" என்றாள். அதற்கப்புறம் அடுத்த பயணம் வரை அவள் என்னிடம் பேசிய விதத்தில் ஒரு பிரியம் கூடியிருந்தது. உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. அடுத்த பயணத்தில் கப்பல் ஆபிஸ் கம்ப்யூட்டரில் நானே மூன்று கருத்துகளை எழுதி அச்செடுத்தேன். பின்லாந்தில் ஒரு ஆசிரியை, பிரேசிலில் ஒரு தச்சர், எகிப்தில் ஒரு மாணவன். தச்சரைச் சேர்த்ததில் எனக்கே ஒரு பெருமை. மூவரும் கட்டுரை மிக அருமை, நடை தெளிவு, படித்து மகிழ்ந்தோம், தொடர்ந்து எழுதுங்கள் என்று சொன்னார்கள். வேறு என்ன சொல்வார்கள்? எழுதியவன் படிக்கவில்லையே.

அக்கா அந்த மூன்று தாளையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். "பின்லாந்து எங்கல இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தானே போய்ச் சுவரில் மாட்டியிருந்த பழைய வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். மறுநாள் ஆபிசுக்குப் போகும்போது அந்தத் தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மாலையில் வந்ததும் வராததுமாக ஒன்று கேட்டாள். "மூணு பேரும் நல்ல மனசுக்காரங்கதான். ஆனா ஒருத்தர்கூட அந்த நாற்காலியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே?" சாதாரணமாகத்தான் கேட்டாள், கொஞ்சம் ஏக்கமாக. "இன்னும் ஒருத்தர் கருத்து வரணும்க்கா, அடுத்த தடவை பாக்குறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அந்த நாலாவது ஆளை நான் உருவாக்கியதுதான் பெரிய தப்பு. கனடாவில் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். இந்த முறை நாற்காலியைப் பற்றி எழுத வேண்டும். எந்த நாற்காலி? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டில் நாற்காலி என்று சொன்னால் அது அப்பாவின் நாற்காலிதான். படாக் மரத்தில் செய்தது, சிவப்புப் பாய்ந்த நிறம், இரண்டு கையிலும் அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பாகிப் போனது. அவர் போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அதனால் கனடா நர்ஸ் இப்படி எழுதினாள்: உங்கள் தந்தையின் நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது என் தந்தையை நினைத்து அழுதேன். நன்றாக வந்திருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். அக்கா அதை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாளை மடித்து, "நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். "டீ போடவா?" என்று எழுந்து அடுக்களைக்குள் போனாள். வெகுநேரம் பால் காய்கிற சத்தம் மட்டும் கேட்டது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் அவள் படிப்பதை நிறுத்தவில்லை. டிபன் டப்பா மாதம் இரண்டு முறை போய் வந்துகொண்டிருந்தது. பட்டியலை என் கையில் தரும்போது மட்டும் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தாள்: "எழுதுத வேலை இருக்குத பாடம் வேண்டாம்ல. கேள்வி பதில் மட்டும் இருந்தாப் போதும்." எனக்கு நிம்மதியாக இருந்தது. என்ன ஒரு நிம்மதி அது! வெட்கம் கெட்டவன்.

பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. போர்ட் பிளேரில் எல்லோர் கையிலும் சென்னையில் இருப்பதுபோலவே நெட் ஓடியது. தெருவில் யாருக்கும் நான் தேவைப்படவில்லை. அக்கா ஒரு டேப்லெட் வாங்கிக்கொண்டாள். "இனிமே நானே பாத்துக்குதேன், உனக்கு அலைச்சல் மிச்சம்" என்றாள். அவள் உள்ளே போய்ப் பார்த்தால் நாற்காலிப் பாடத்தின் கடைசி வாரம் காலியாக இருப்பது தெரிந்துவிடுமே என்று பல நாள் பயந்து செத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. தளம் மாறியிருக்கும், பழையதெல்லாம் அழிந்திருக்கும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகி, லம்பா லைனில் வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷாதிபூருக்குப் போனால், பறவை முட்டைகளுக்கு நிறம் எப்படி வருகிறது என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே மீன் பொரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இருமல் வந்தது. ரெக்கார்டு ரூம் தூசி என்று எல்லோரும் நினைத்தோம். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, திரும்பச் சரியாகாத வகை என்று மெயின்லேண்டில் சொன்னார்கள். கொஞ்ச நாள் வைத்தியம் பார்த்துவிட்டு, அவள் பிடிவாதத்தால் ஊருக்கே அழைத்து வந்தோம். இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுவாரம், அவளுடைய மருத்துவ விடுப்புக் கடிதத்தைக் கொடுக்க நான் முதல்முறையாக அவள் ஆபிசுக்குள் போனேன். ஜன்னலே இல்லாத நீள அறை. அவளோடு வேலை செய்யும் ஒரு தெலுங்கு அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தீவு இந்தியும் தமிழும் கலந்து பேசினார். "தீதி, உங்கக்கா, பஹுத் பெரிய ரைட்டர், தெரியுமா? நாங்க எல்லாம் அன்னிக்கு லட்டு சாப்பிட்டோம்." எனக்குப் புரியவில்லை. அக்காவின் மேசைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த மூன்று தாள்களும் இருந்தன. பின்லாந்து ஆசிரியை, பிரேசில் தச்சர், எகிப்து மாணவன். ஓரம் பழுத்திருந்தது. அந்தக் காலத்தில் ஆபிஸ் முழுக்க இனிப்புக் கொடுத்து, மூன்று நாட்டுக்காரர்கள் தன் கட்டுரையைப் படித்திருக்கிறார்கள் என்று சொன்னாளாம். "உஸ்கே பாத், அதுக்கப்புறம், ஒண்ணும் எழுதலையான்னு கேப்போம். சிரிப்பாங்க, அவ்ளோதான்." நாலாவது தாள் அங்கே இல்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஆட்டோவில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அக்கா, உன் ஆபிசுக்குப் போயிருந்தேன்" என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினாள். "கண்ணாடிக்கு அடியில பாத்தியோ?" என்றாள். நான் அழுதுவிட்டேன். நாற்பது வயது ஆள், வார்டில் எல்லோரும் பார்க்க. "சும்மா இருல. எனக்குத் தெரியும்." "எப்பலேருந்து?" "கனடாக்காரி வந்தப்போ." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "நான் அப்பா நாற்காலியைப் பத்தி எழுதவே இல்லயே."

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "ஆபிஸ்ல லட்டு குடுத்துட்டேன்ல" என்றாள். சிரிக்கப் பார்த்து இருமினாள். முதுகைத் தடவிவிட்டேன். "அந்தப் பேப்பர்?" என்று அவள்தான் கேட்டாள். கடலில் விட்டதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவள் முகத்தில் நிஜமான வலியைப் பார்த்தேன். அத்தனை வருடமும் எங்கேயோ ஒரு மூலையில் அந்தத் தாள்கள் இருக்கின்றன என்று அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். "எந்த நாற்காலிக்கா? இப்பச் சொல்லு, நான் கேக்குறேன். ஒரு வார்த்தை விடாமக் கேக்குறேன்" என்றேன். "ஒரு வார்த்தைல சொல்லுதது மாதிரி இல்லல அது. பதினோரு பக்கம்" என்றாள். மறுபடி மூச்சு வாங்கியது. "நாளைக்கு வா. சொல்லுதேன்."

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் போய்விட்டேன். எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வாங்கிப் போயிருந்தேன். விடியற்காலையில் மூச்சுத் திணறியதால் அவளை ஐசியூவுக்கு மாற்றியிருந்தார்கள். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று குனிந்தேன். நர்ஸ் பேச விடாதீர்கள் என்றாள். அப்படியே இரண்டு நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு, வெளியே இருட்டத் தொடங்கும்போது, போய்விட்டாள்.

எந்த நாற்காலி என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆறு வருடம் அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியா? பிரம்பு கிழிந்து அவளே பிளாஸ்டிக் ஒயரால் பின்னிக்கொண்ட ஆபிஸ் நாற்காலியா? வேலைக்குச் சேரப் போனபோது பெரிய ஆபிசர் அறையில் அவளை உட்காரச் சொல்லாமல் விட்ட ஏதாவது நாற்காலியா? அப்படி ஒன்று நடந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. தெலுங்கு அம்மாவிடம் கேட்டேன், தெரியவில்லை என்றார். இந்த உலகத்தில் அதைத் தெரிந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்த ஒரே ஆள் நான்தான்.

அவளுடைய டேப்லெட்டை என் மனைவி பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். திறந்து பார்த்தேன். முப்பத்தேழு பாடங்கள் படித்திருக்கிறாள். கேள்வி பதிலெல்லாம் முழு மதிப்பெண். எழுதச் சொல்லும் இடம் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் காலி. நாற்காலிப் பாடம் இப்போதும் நடக்கிறது. என் பெயரில் சேர்ந்தேன். படிப்பு என்றாலே எனக்கு ஆகாது. ஆனாலும் ஆறு வாரமும் பார்த்தேன். கடைசி வாரத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மூன்று பேருடையதைப் படித்தால் போதும் என்று விதி. நான் அங்கே இருக்கிற எல்லாவற்றையும் படிக்கிறேன். ஆங்கிலம் தடுக்கினால் அக்காவின் அகராதி. ஒவ்வொருவரிடமும் அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்கிறேன். கால் எப்படி, முதுகு எப்படி, இப்போது எங்கே இருக்கிறது என்று.

போன மாதம் ஒரு பெண்மணி எழுதியிருந்ததைப் படித்தேன். எந்த ஊரோ, பெயரை உச்சரிக்கக்கூடத் தெரியவில்லை. ரயில் நிலையத்தில் தன் கணவர் இருபது வருடம் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்த நாற்காலி. பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும், பிழைகளோடு, ஆசை ஆசையாக எழுதியிருந்தார். இரண்டு முறை படித்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் சொன்ன அந்த ஆட்டம் காணும் காலுக்கு அவர் கணவர் கடைசிவரை ஆப்பு வைக்கவில்லையா என்று கேட்டிருந்தேன். நேற்று கப்பல் சென்னையில் கட்டியதும் பதில் வந்து விழுந்தது. என் எழுத்தைக் கடைசிவரை படித்த ஒரே ஆள் நீங்கள்தான், உங்களைப் போல ஒரு தம்பி எனக்கு இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

டூட்டிக்கு மணி அடித்துவிட்டார்கள். நான் போகவில்லை. அந்த வரியை மூடவும் முடியாமல், அதற்குப் பதில் எழுதவும் முடியாமல், பங்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.